சொத்தைக் கடலையும் பசும்பாலும்

வேர்க்கடலை தின்னும்போது கசப்பாக ஒன்று வாயில் அகப்பட்டால் உடனே துப்பிவிடுகிறோம். ஆனால் பூஞ்சை பிடித்து, பொறுக்கி ஒதுக்கிய கடலையை மட்டும் வீணாக்க மனம் வருவதில்லை. செக்குக்கு அனுப்பிவிடுகிறோம். எண்ணெய் நமக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு. இந்தப் பழக்கத்தை இனியாவது விட வேண்டும் என்பது என் கருத்து.

செடியைப் பிடுங்கும்போது காயில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு ஈரம் இருக்கும். அது 8 பங்குக்கு இறங்கிய பிறகே மூட்டை கட்ட வேண்டும். காயைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான். ஈரம் மிஞ்சினால், மண்ணிலிருந்து காயோடு ஒட்டி வரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். ஈரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் நஞ்சு அது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து தீவனத்துக்காக வந்த கடலைப் புண்ணாக்கே காரணம் என்று பிறகு தெரிந்தது.

வறுத்தால் போய்விடாதா என்று கேட்பீர்கள். பூஞ்சை சாகும், நஞ்சு முழுவதும் போகாது. சுத்திகரிக்காத செக்கு எண்ணெயில் அதில் ஒரு பகுதி தங்கிவிடும். பெரும்பகுதி புண்ணாக்கோடு போகும். அதைத் தின்ற மாட்டின் பாலில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற உருவில் திரும்பி வரும். காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வெளியிட்ட பால் ஆய்வில், இந்த நஞ்சு அளவுக்கு மேல் இருந்த மாதிரிகள் தமிழ்நாட்டில்தான் அதிகம். பேரப்பிள்ளைகளுக்கு நாம் ஆற்றிக் கொடுக்கும் பால் அது.

இன்னொரு வழக்கமும் உண்டு. காய்ந்த காயை உடைக்கும்போது பருப்பு பிளக்காமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். வெயிலில் நாள்கணக்கில் காயவைத்த உழைப்பெல்லாம் ஒரு குடம் தண்ணீரில் போய்விடும். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சைக்கு நாமே விருந்து வைத்த மாதிரி.

விவசாயியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஈரக் கடலை எடை கூடும், காய்ந்த கடலை எடை குறையும். விலை இரண்டுக்கும் ஒன்றுதான் என்றால் யார் சிரமப்பட்டுக் காயவைப்பார்கள்? ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஈரமானி வைத்து அளந்து, நன்றாகக் காய்ந்த கடலைக்குக் கூடுதல் விலை கொடுக்கட்டும். எந்தப் பிரசாரமும் இல்லாமலே களத்தில் கடலை காயும்.

அதுவரை நம் வீட்டில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பூஞ்சைக் கடலை ஒரு படியோ இரண்டு படியோ தேறினால், செக்குக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம், கோழிக்கும் வேண்டாம். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். வாயில்லா ஜீவன் கசக்கிறது என்று நம்மிடம் வந்து சொல்லாது.