அபராதம் கட்டினால் வழக்கு முடியும், பதிவு அழியுமா?



சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்திலும் தென்காசியிலும் நமக்கு மூச்சு விட நேரமிருக்காது. அந்த வேளையில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால், "ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்ப்போம்" என்று நினைப்பவர்களே அதிகம். அபராதத்தோடு எல்லாம் தீர்ந்தது என்ற எண்ணம் தவறானது. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதுவும் தண்டனைத் தீர்ப்புதான்.

இந்தத் தீர்ப்பைப் பதிவிலிருந்து நீக்க வழி உண்டா? வயது வந்தவர்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் பதிவுகளை, சில கொடிய குற்றங்கள் நீங்கலாக, அழிக்கச் சொல்கிறது. மற்றவர்களுக்கு முதல் வழி மேல்முறையீட்டில் விடுதலை பெறுவது. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையைப் பற்றி மட்டுமே அப்பீல் செய்யலாம். தீர்ப்பையே எதிர்க்க முடியாது. அவசரத்தில் சொல்லும் ஒரு வார்த்தை இருக்கும் கதவையும் சாத்திவிடுகிறது.

1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கப்படுபவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது. ஆனால் 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு அந்தச் சலுகையையும் மறுத்தது. உத்தரப்பிரதேசத்தில் 1995இல் எடுத்த பால் மாதிரியில், கொழுப்பு நீங்கலான திடப்பொருள் 8.5 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 7.7 இருந்தது. அந்த வியாபாரியின் ஆறு மாதச் சிறைத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதி செய்தது. கலப்பட வழக்கில் ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனை நாளிலிருந்து, விடுதலையான பின் ஆறு ஆண்டுகள் முடியும் வரை, சட்டமன்றத் தேர்தலில் நிற்க முடியாது.

2011 ஆகஸ்ட் 5 முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. தரக்குறைவு, லேபிள் குறை ஆகியவற்றுக்கு இப்போது சிறை இல்லை. மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்துத் தண்டத் தொகை விதிக்கிறார். எடையளவுச் சட்டத்திலும் பல குற்றங்களைத் துறையிடமே சமரசக் கட்டணம் செலுத்தி முடிக்கலாம். இவை இரண்டும் கோர்ட்டுத் தண்டனை ஆகா. ஆனால் பாதுகாப்பற்ற உணவு விற்றால் கிரிமினல் வழக்குதான். தண்டனைக்குப் பின் அதே குற்றத்தில் மறுபடி தண்டிக்கப்பட்டால் தண்டனை இரட்டிப்பாகும், லைசென்சும் ரத்தாகும்.

தெரிந்தே கலப்படம் செய்பவனுக்காக நாம் வாதாடவில்லை. அவனால் நாணயமான வணிகருக்கும் கெட்ட பெயர். ஆனால் சிறு குற்றத்துக்கு அபராதம் கட்டி, பல ஆண்டுகள் ஒழுங்காகக் கடை நடத்தியவருக்கு அந்தக் கறை ஆயுள் முழுதும் ஏன் நிற்க வேண்டும்? இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டின் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் குற்றமின்றி வாழ்ந்தவரின் பழைய தண்டனை பெரும்பாலான காரியங்களுக்குக் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. 2023இல் மத்திய அரசு 42 சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்திப் பல தண்டனைகளை நீக்கியது, குறைத்தது. முன்பே தண்டிக்கப்பட்டவர்களின் பதிவையும் நீக்க வழி செய்யுமாறு சங்கங்கள் ஒரே குரலில் கோர வேண்டும்.

அதுவரை, சம்மன் வந்தால் முதலில் வக்கீலைப் பாருங்கள். இது துறை விசாரணையா, கோர்ட்டு வழக்கா என்று கேளுங்கள். பணம் கட்டினால் ரசீதையும் உத்தரவு நகலையும் பத்திரப்படுத்துங்கள். சீசன் மூன்று மாதம், பெயர் ஆயுளுக்கும்.