மாற்று டர்போவும் மாறாத கோளாறும்

கொழும்பு - கண்டி வீதியில் மாவனல்லையைக் கடந்து கடுகண்ணாவை மலையேறும் வாகனங்களில் பழையவை மிகுதி. காரணம் ஊரறிந்ததே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில், 2022இல், டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சில வாரங்களுக்குள் ஏறியது. கையில் இருக்கும் வாகனத்தைப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிரப் பலருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. அந்தப் பழுதுகளுள் கையை அதிகம் கடிப்பவற்றில் ஒன்று டர்போ.

டீசல் வான்களிலும் லொறிகளிலும் டர்போ நெடுங்காலமாக இருப்பதுதான். சிறிய கார்களில் அது பெருகியதற்கு நமது வரிமுறையும் ஒரு காரணம். எஞ்சினின் கொள்ளளவு கூடக்கூட இங்கே தீர்வையும் கூடுகிறது. ஆகவே ஆயிரம் சிசி எஞ்சினில் டர்போ பூட்டி வந்த ஹொண்டா சிவிக், டொயோட்டா ரைஸ் போன்றவை நம்மவர்களுக்குப் பிடித்துப் போயின. வாங்கும்போது வரியில் மிச்சம் கண்டவர்கள், அதற்கான பராமரிப்புச் செலவை இப்போது எதிர்கொள்கிறார்கள்.

டர்போவின் தத்துவம் எளிது. சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற தத்துவம் அது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சில்லைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சில்லு, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளும் கூடும், வலுவும் கூடும். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்களுக்கும் மேல் சுழல்வது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒயில் படலம். ஒயில் சில விநாடிகள் வராவிட்டாலே போதும், தண்டும் அதன் தாங்கியும் உரசிக் கெட்டுவிடும். எனவே டர்போ தன்பாட்டில் கெடுவது அரிது. பெரும்பாலும் கோளாறு வேறோர் இடத்தில் இருக்கும். பலியாவது டர்போவாக இருக்கும்.

இந்த இடத்தில்தான் மாற்றுச் சேவை வருகிறது. பழுதான டர்போவைக் கொடுத்து, மேலதிகப் பணம் செலுத்தி, சீர்செய்யப்பட்ட ஒன்றைப் பெறும் முறை இது. இலண்டனிலும் ஐரோப்பாவிலும் வாழும் வாசகர்களுக்கு இது பழக்கமானதே. அங்கே பழையதற்கென ஒரு வைப்புப்பணத்தை முன்னரே அறவிட்டு, பழையது வந்து சேர்ந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். காரெட், போர்க்வோர்னர் முதலிய உற்பத்தியாளர்களே மீளுற்பத்தி செய்த டர்போக்களை விற்கிறார்கள். பழைய வெளிக்கூட்டை வீசாமல் மீண்டும் பயன்படுத்துவதால் பணமும் மிச்சம், உலோகமும் மிச்சம். இந்த முறையை நான் வரவேற்கிறேன். அந்நியச் செலாவணிக்காக வரிசையில் நின்ற நாட்டுக்கு இது மிகவும் பொருத்தமானது.

ஆனால் நம் நாட்டில் 'மாற்று டர்போ' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் கைமாறுகின்றன. ஒன்று, தொழிற்சாலையில் முறையாக மீளுற்பத்தி செய்யப்பட்டது. இரண்டாவது, உள்ளூரில் நடுப்பகுதியை மட்டும் புதிதாக மாற்றிப் பூட்டியது. மூன்றாவது, வெளிநாட்டில் கழற்றிய பழைய வாகனத்திலிருந்து வந்து, கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டது. மூன்றுக்கும் விலை வேறு, ஆயுள் வேறு. வாங்குபவருக்குக் கிடைக்கும் துண்டுச் சீட்டிலோ 'டர்போ - 1' என்று மட்டும் எழுதியிருக்கும்.

மாவனல்லையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான் உரிமையாளர் ஒருவரை எனக்குத் தெரியும். மேட்டில் இழுவை குறைந்து, நீலப்புகை கக்கியதால் கொழும்பில் ஒரு கடையில் பழையதைக் கொடுத்து மாற்று டர்போ வாங்கிப் பூட்டினார். மூன்று வாரத்தில் அதுவும் போயிற்று. "ஒயில் ஓடவில்லை, உத்தரவாதம் செல்லாது" என்றது கடை. "சாமான் சரியில்லை" என்றது பூட்டிய கராஜ். கடைசியில் வேறொரு பாஸ், டர்போவுக்கு ஒயில் போகும் குழாயைக் கழற்றி வெட்டிப் பார்த்தார். எரிந்து கரியான ஒயில் படிந்து, ஊசி நுழையும் அளவுக்கே துவாரம் எஞ்சியிருந்தது. முதல் டர்போவைக் கெடுத்ததும் அதே குழாய்தான். இரண்டாவது டர்போவுக்கு அவர் செலவிட்டது லீசிங் தவணைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. முதலில் கெட்ட டர்போவே அந்தக் கோளாறுக்குச் சாட்சி. தண்டு நீலம் பாய்ந்து கருகியிருந்தால் ஒயில் போதவில்லை, அல்லது சூட்டோடு எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்கிறது. தாங்கியில் கீறல்கள் இருந்தால் ஒயில் அழுக்கு. காற்றுப்பக்கச் சில்லின் இதழ்கள் சிதைந்திருந்தால், வடிகட்டியைத் தாண்டி ஏதோ உள்ளே போயிருக்கிறது. மாற்றுச் சேவையில் அந்தச் சாட்சியையே மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். அது எங்கோ ஒரு குவியலில் சேர்கிறது. காரணம் வாகனத்திலேயே தங்கிவிடுகிறது.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. வெடித்த வெளிக்கூட்டைக் கொடுத்து முழு விலைக்கழிவு கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒயில் மாற்றாமலே ஓட்டிவிட்டு உத்தரவாதம் கோருபவர்களும் உண்டு. நம் வழக்கமும் சரியில்லை. சாமானுக்குப் பணம் கொடுப்போம். பூட்டுவதற்குக் கூலி கொடுப்போம். கோளாறைக் கண்டுபிடிக்கச் செலவாகும் ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் முகம் சுளிப்போம். கூலி இல்லாத வேலையை யார் செய்வார்?

நான் முன்வைக்கும் யோசனை பெரியதல்ல. மாற்று டர்போ விற்கும் கடை, பழையதை உரிமையாளரின் முன்னிலையில் திறந்து பார்த்து, அதன் நிலையைப் பற்றுச்சீட்டில் இரண்டு வரியில் எழுத வேண்டும். தருவது மேற்சொன்ன மூன்றில் எது, உத்தரவாதம் எத்தனை மாதம், எந்த நிபந்தனையில் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். வாங்குபவர் பழையதை ஒப்படைக்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். ஒயில் குழாய், ஒயில், வடிகட்டிகள் ஆகியவற்றைப் புதிதாக மாற்றி, இன்டர்கூலரில் தேங்கிய ஒயிலையும் உலோகத் துகளையும் கழுவிய பின்னரே மாற்று டர்போவைப் பூட்டச் சொல்லட்டும். கடுகண்ணாவை ஏறிய சூட்டோடு தேநீர்க் கடை வாசலில் உடனே எஞ்சினை நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தட்டும்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், பற்றுச்சீட்டுக் கேட்பது வாங்குபவரின் உரிமை. முறைப்பாட்டுக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. ஆனால் 'டர்போ - 1' என்ற துண்டுச் சீட்டோடு போனால் எந்த அதிகாரியாலும் அதிகம் செய்ய முடியாது. வாகனத்தை நம்பிப் பிழைப்பவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அந்த இரண்டு வரியை எழுதி வாங்க வேண்டும். எழுத மறுக்கும் கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காமல் திரும்புவதே இலாபம்.