மூன்று பேர் எழுதிய நோட்ஸ்

இந்த வாரம் வந்த கோபம் இன்னும் தணியவில்லை. மாடி வீட்டுப் பெண் எட்டாவது படிக்கிறாள், வயலின் கற்றுக்கொள்கிறாள். "அத்தை, பாக் எழுதுனது கிடைச்சிருச்சு!" என்று ஓடிவந்து ஒரு தாளை நீட்டினாள். ஏதோ ஓர் இணையதளத்தில் அப்பாவின் கார்டில் காசு கட்டி இறக்கியது. மேலே கொட்டை எழுத்தில் பாக் பெயர். கீழே பார்த்தால் சி மேஜரில், முழுக்க ஜி தந்தியிலேயே வாசிக்கும்படி ஒரு மெட்டு. பாக் அப்படி எழுதவே இல்லை. அவருடைய மூன்றாவது ஆர்கெஸ்ட்ரா சூட்டில் இரண்டாவதாக வரும் 'ஏர்' டி மேஜரில் இருக்கிறது. அதை இப்படி மாற்றியவர் 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய வயலின் கலைஞர் ஆகுஸ்ட் வில்ஹெல்மி. தாளில் அவர் பெயரே இல்லை. காப்புரிமை எப்போதோ முடிந்துபோனதற்குக் காசு வாங்குகிறவர்கள், மாற்றியவர் பெயரையாவது போடக்கூடாதா?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு காப்புரிமை முடிந்த இசை நோட்ஸை இலவசமாகத் தரும் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தின் மேல் எனக்குள்ள பற்று தெரியும். 2006-இல் ஒரு மாணவர் தொடங்கியதும், மறு வருஷமே ஒரு பதிப்பகத்தின் வக்கீல் நோட்டீசால் மூடப்பட்டு 2008-இல் மீண்டதுமான கதையை மறுபடி சொல்லவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பாக் சங்கம் அச்சிட்ட, அந்த சூட்டின் முழு ஸ்கோர் அங்கே இலவசமாகவே கிடைக்கிறது.

அதை இறக்கித் தரத்தான் உட்கார்ந்தேன். கூடவே, பாக் இசையின் பழைய கைப்பிரதிகளைப் பார்க்க 'பாக் டிஜிட்டல்' தளத்தையும் திறந்தேன். அதோடு காசு வாங்கிய இணையதளத்துக்காரர் எனக்கு மறந்துபோனார்.

இந்த சூட்டுக்கு பாக் கைப்பட எழுதிய முழு ஸ்கோர் இன்று இல்லை. மிஞ்சியிருப்பவை வாசிப்பவர்கள் முன்னால் வைக்கும் தனித்தனி பார்ட்டுகள். அவற்றில் மிகப் பழையவை 1730-31 வாக்கில் எழுதப்பட்டவை. பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கின்றன. முதல் வயலினையும் அடித்தளமான பாஸையும் பாக் எழுதினார். ட்ரம்பெட், ஓபோ, டிம்பனி ஆகியவற்றை மகன் கார்ல் பிலிப் இமானுவேல் எழுதினார். இரண்டாம் வயலினும் வியோலாவும் மாணவர் கிரெப்ஸ் கையெழுத்து. பையன்கள் இருவருக்கும் அப்போது பதினாறு, பதினேழு வயதுதான்.

'ஏர்' தொடங்கும்போது முதல் வயலின் ஒரே ஸ்வரத்தில் நான்கு எண்ணிக்கையும் நிற்கிறது. அடியில் பாஸ், ஒவ்வொரு ஸ்வரத்தையும் கீழும் மேலுமாகத் தொட்டுப் படி இறங்குகிறது. ட்ரம்பெட்காரர்களுக்கு இந்தப் பகுதியில் வேலையே கிடையாது. இடையில் இசையை நகர்த்துவது இரண்டாம் வயலினும் வியோலாவும்தான். கிரெப்ஸ் அந்த வரிகளை ஒவ்வொரு ஸ்வரமாக எழுதியபோது, மேலே நிற்பது எதன் பலத்தில் நிற்கிறது என்று அவருடைய விரலுக்கே தெரிந்திருக்கும். காசு கட்டி வாங்கிய தாளில் இந்த வரிகள் எதுவுமே இல்லை.

பாக் கற்றதும் இப்படிக் கையால் பிரதி எடுத்துத்தான். ஓர்ட்ரூஃப் என்ற ஊரில் அண்ணன் பூட்டி வைத்திருந்த நோட்ஸைச் சிறுவன் பாக் இரவில் எடுத்து, நிலா வெளிச்சத்தில் ஆறு மாதம் பிரதி எடுத்தார் என்கிறது 1754-இல் வெளியான அவருடைய இரங்கல் குறிப்பு. அண்ணன் கண்டுபிடித்துப் பிடுங்கிக்கொண்டார். தாளைப் பிடுங்கலாம், எழுதி எழுதி மனதில் ஏறியதை யார் பிடுங்க முடியும்? பின்னாளில் அவருடைய ஆறு செல்லோ சூட்டுகளும் நமக்குக் கிடைக்க முக்கியக் காரணம், மனைவி அன்னா மக்தலேனா எடுத்த பிரதி. பாக்கின் கைப்பிரதி அவற்றுக்கும் இல்லை. மேதையின் பெயரை மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். அவருடைய இசையை நம்மிடம் சேர்த்ததில் அந்த வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதியவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

வயலின் சொல்லித் தருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்கோர் இன்று இலவசம், பிரிண்ட் எடுக்க ஒரு நிமிஷம் போதும். இருந்தாலும் பிள்ளைகளை அவ்வப்போது ஒரு பார்ட்டைக் கையால் எழுத வையுங்கள். மெட்டு இருக்கிற முதல் வயலினை விட்டுவிட்டு, யாரும் ஆசைப்பட்டு எடுக்காத வியோலாவைக் கொடுங்கள். அதை எழுதி முடித்த பிள்ளை, பக்கத்து நாற்காலியில் வாசிப்பவரையும் காது கொடுத்துக் கேட்கும். ஆர்கெஸ்ட்ராவில் உட்கார முதலில் வேண்டிய தகுதி அதுதான்.