தன்னாட்சி மென்பொருளும் தட்டிக்கழிக்கப்படும் பொறுப்பும்

மென்பொருள் இனித் தன்னைத் தானே நிருவகிக்கும், மனிதனின் மேற்பார்வை அதற்கு வேண்டுவதில்லை என்னும் கருத்துக் கணனித் துறையிற் பரவலாக வழங்கி வருகின்றது. பொறுப்புக் கூற வேண்டியோரை மறைப்பதற்கே இக்கருத்துத் துணைபோகின்றது.

பல்லாயிரம் கணனிகளிற் பரந்தியங்கும் மென்பொருளை மனிதர் மட்டும் பராமரித்தல் இயலாதெனக் கண்ட ஐ.பி.எம். நிறுவனம், 2001 இல் தன்னாட்சிக் கணிமை என்னும் கொள்கையை முன்வைத்தது. நாம் நினையாமலே இதயத் துடிப்பைச் சீர்செய்யும் நரம்புத் தொகுதியே அதற்கு உவமையாயிற்று. மென்பொருள் தன் நிலையை அவதானித்து, பகுத்தாய்ந்து, திட்டமிட்டுச் செயற்பட வேண்டும். அதற்குத் தன்னைப் பற்றிய அறிவு அதற்கு வேண்டும். அவ்வறிவை வழங்க முன்வருவதே மாதிரியுரு வழிப் பொறியியல். தொகுதியின் கூறுகளையும் தொடர்புகளையும் மீறலாகாத விதிகளையும் முதலில் மாதிரியுருவாக வரைந்து, அதிலிருந்து நிரல்களைப் பிறப்பிப்பது அதன் முறை. இயங்கும் தொகுதியை அம்மாதிரியுருவோடு ஒப்பிட்டுத் திருத்துதலும் கூடும்.

முறை பயனுடையதே. ஆயின், மாதிரியுருவை வரைபவன் மனிதன். அவன் எண்ணிப் பாராத நிலைமையை அவனது விதியும் அறியாது.

2021 ஒக்டோபர் 4 இல் பேஸ்புக் நிறுவனத்துக்கு நேர்ந்ததை நோக்குவோம். பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, தரவு நிலையங்களை இணைக்கும் வலையமைப்பைத் துண்டித்தது. அத்தகைய கட்டளைகளைத் தடுக்கவேண்டிய சோதனைக் கருவி, தன்னிடமிருந்த வழுவினால் அதனைத் தடுக்கவில்லை. தரவு நிலையங்களை எட்டமுடியாத பெயர் வழங்கிகள், விதிக்கப்பட்டவாறே தம்மைப் பழுதுற்றனவாகக் கொண்டு இணையத்திலிருந்து விலகின. ஒரு வழங்கி பழுதுறுங்கால் நன்மை பயக்கும் விதி, அனைத்தும் ஒருங்கே துண்டிக்கப்பட்டபோது கேட்டையே விளைத்தது. சேவைகள் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் முடங்கின. பொறியியலாளர் தரவு நிலையங்களுக்கு நேரிற் செல்லவேண்டியதாயிற்று.

அத்தொகுதி மாதிரியுரு முறையில் ஆக்கப்பட்டதா என்பது இங்கு கேள்வியன்று. விதி எம்முறையில் எழுதப்படினும் அதனுள் உறைவது மனிதனின் ஊகமே. நிரலுக்குள் புதையுண்டு கிடக்கும் அவ்வூகத்தைப் பலரும் படித்து வினவத்தக்க வடிவில் வெளிக்கொணர்தலே மாதிரியுரு முறையின் மெய்யான சிறப்பு. மனிதனை நீக்கும் கருவியென அதனை விளம்பரஞ் செய்வோர் அச்சிறப்பையே அழிக்கின்றனர்.

எந்த ஊகத்தின்மேல் எந்த விதி நிற்கின்றது, அதனை வகுத்தவர் யார், எந்நிலையில் மனிதன் தலையிடுவான் என்பன ஒவ்வொரு மாதிரியுருவிலும் எழுதப்படல் வேண்டும். ‘தொகுதி தானாகவே அவ்வாறு செய்தது’ என்னும் விடையை இனியும் ஏற்றல் தகாது.