செம்புத் தண்ணியும் மூளையும்: பயமும் வேண்டாம், பக்தியும் வேண்டாம்

"காலமை எழும்பின உடனே செம்புத் தண்ணி குடியுங்கோ, மூளைக்கு நல்லது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. அடுத்த வாரமே, "செம்பு மூளைக் கலங்களைக் கொல்லும், போத்தலைத் தூக்கி எறியுங்கோ" என்று இன்னொன்று. சிட்னி வென்ட்வர்த்வில்லிலும் மெல்பேர்ண் டண்டினோங்கிலும் செம்புப் போத்தல் வைத்திருக்கும் எங்கள் வீடுகளில் எதை நம்புவதென்று தெரியவில்லை. இரண்டுமே பாதி உண்மைதான்.

செம்பு இல்லாமல் உடம்பு இயங்காது. வளர்ந்த ஆணுக்கு நாளுக்கு 1.7 மில்லிகிராம், பெண்ணுக்கு 1.2 மில்லிகிராம் போதும் என்பது அவுஸ்திரேலியக் கணக்கு. பருப்பு, கஜு, நண்டு சாப்பிடுகிறவர்களுக்கு இது சாப்பாட்டிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

சிக்கல், புரதங்களோடு சேராமல் தனியாகத் திரியும் செம்பில்தான். அது ஒட்சிசனோடு சேர்ந்து கலங்களைத் தாக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கும். டோபமைன் தானே எளிதில் ஒட்சியேறும் பொருள். அதைச் சுரக்கும் கலங்களில் இந்தச் செம்பும் கூடினால், எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றின கதைதான். பாக்கின்சன் நோயில் கட்டிபடும் அல்ஃபா சினுக்ளீன் என்ற புரதம், செம்பு பட்டால் இன்னும் வேகமாகக் கட்டிபடுவதையும் ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே டபுளின் குழு கண்டது இதற்கு நேர்மாறு. பாக்கின்சன் நோயோடு இறந்தவர்களின் மூளையில், டோபமைன் கலங்கள் அழியும் இடத்தில் செம்பு கூடவில்லை, குறைந்திருந்தது. கலத்தைக் காக்கும் எஸ்ஓடி1 என்ற புரதத்துக்குச் செம்பு தேவை. அது கிடைக்காமல் அந்தப் புரதம் பழுதாகிக் கட்டிபடுகிறது. மூளைக்குச் செம்பைக் கொண்டுபோகும் சியூ-ஏடிஎஸ்எம் என்ற மருந்து எலிகளில் பலன் தந்ததை மெல்பேர்ண் ஆய்வாளர்கள் 2012இலேயே காட்டினார்கள்.

அதற்காகச் செம்பு மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. அந்த மருந்து வேறு, கடை மாத்திரை வேறு. எலியில் கிடைத்த பலன் மனிதரிலும் கிடைக்கும் என்று இன்னும் நிறுவப்படவில்லை.

செம்பு உண்மையாகவே மூளையைச் சிதைக்கும் நோய் ஒன்று உண்டு: வில்சன் நோய். 1912இல் கின்னியர் வில்சன் விவரித்தது. ஏடிபி7பி என்ற மரபணு பழுதானால் ஈரலால் செம்பைப் பித்தத்தோடு வெளியேற்ற முடியாது. அது ஈரலில் தேங்கி, பிறகு மூளைக்குப் போகும். நன்றாகப் படித்த பிள்ளையின் எழுத்து கோணலாகும், பேச்சுக் குழறும், கை நடுங்கும், குணம் மாறும். "வயசுக் கோளாறு" என்று நாம் விட்டுவிடுவோம். நேரத்தோடு கண்டுபிடித்தால் பெனிசிலமைன், துத்தநாகம் போன்ற மருந்துகளால் கட்டுப்படுத்தலாம். விட்டால் உயிரே போகும்.

இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் பழுது. ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள் கலியாணம் செய்த குடும்பங்களில் இந்த ஆபத்துக் கூட. ஊரில் யாராவது இளம் வயதில் காரணம் தெரியாத ஈரல் நோயில் இறந்திருந்தால், அதை ஒளிக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். இரத்தமும் சிறுநீரும் சோதித்தாலே பெரும்பாலும் துப்புக் கிடைக்கும்.

அப்போ அந்தப் போத்தல்? குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது இங்குள்ள வரம்பு. இரவு வைத்த வெறும் தண்ணியில் பொதுவாக அதைவிட மிகக் குறைவாகவே கரையும். தேசிக்காய், புளி, மோர் வைத்தால் கதை வேறு. புளிப்பு செம்பை அரித்து எடுக்கும். பாட்டிமார் பாத்திரத்துக்கு ஈயம் பூசியது சும்மா இல்லை. இந்தியாவில் குழந்தைகளைக் கொன்ற ஒருவகை ஈரல் நோய்க்கு, பூச்சில்லாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பால் காரணம் என்று 1980களில் புனே ஆய்வுகள் காட்டின. பாத்திரம் மாற, நோயும் அருகியது.

ஆகவே, வெறும் தண்ணியென்றால் குடியுங்கள். கைக்குழந்தைக்கும் வில்சன் நோயாளிக்கும் செம்புப் பாத்திரத் தண்ணி வேண்டாம். கை நடுங்கினால் வாட்ஸ்அப்பைப் பார்க்காமல் டொக்டரைப் பாருங்கள்.