கம்பெனிக் கணக்கில் ஒரு கடற்கரை

கொரோனாவோடு நின்றுபோயிருந்த கம்பெனி டூர் மறுபடியும் வந்துவிட்டது. 2020 மார்ச்சில் வெளிநாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டன. வழக்கமான போக்குவரத்து 2022 மார்ச் 27இல்தான் திரும்பத் தொடங்கியது. அந்த இரண்டு வருடத்தில் நம்மில் பலருடைய பாஸ்போர்ட் பீரோவிலேயே காலாவதியாகிப்போனது. இப்போது கம்பெனிப் பிரதிநிதிகள் பையிலிருந்து வண்ணத்தாளை எடுத்து நீட்டுகிறார்கள். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை. கீழே பொடி எழுத்தில், இந்தக் காலாண்டுக்குள் இத்தனை லட்சத்துக்குச் சரக்கு எடுத்தால் ஒருவருக்கு நான்கு நாள் பயணம் என்று இருக்கும். "முதலாளி, இன்னும் நாற்பது பெட்டிதான். எடுத்துட்டீங்கன்னா தாய்லாந்து" என்று பிரதிநிதி ஆசையாகச் சொல்வார். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், பாவம்.

மரக்காணத்துக்காரரிடம் கடற்கரைப் படத்தைக் காட்டி ஆசை மூட்டுவது வேடிக்கைதான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழுவெளி ஏரி, நடுவே கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளம் என்று வாழ்கிறவர்கள் நாம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதுண்டு. ஆனால் வாசலில் கடல் இருப்பதால் நமக்கு விடுமுறை கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. சனி, ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகும் கார்களுக்குத் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் விற்றுக்கொண்டே இருக்கிறோம். வருடத்தில் மே 5 வணிகர் தினத்தன்று கடையை அடைத்தால் அன்றைக்கும் மாநாட்டுக்கு வேன் ஏறுகிறோம். ஆகவே, வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போய் நாலு நாள் சும்மா உட்கார்ந்து வர வேண்டும் என்று ஒரு வணிகர் நினைத்தால் அது ஊதாரித்தனம் என்று நாம் சொல்ல மாட்டோம். தாராளமாகப் போகட்டும். கம்பெனிக் கணக்கில் போக வேண்டாம் என்பதுதான் நம் கருத்து.

ஏன் என்பதைக் கணக்காகவே பார்ப்போம். பயணத்தின் மதிப்பு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக வழக்கமான கொள்முதலுக்கு மேல் 5 லட்ச ரூபாய்ச் சரக்கு எடுக்கிறோம். அது விற்றுத் தீர மூன்று மாதம். நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்றால் 22,500 ரூபாய். சரக்கைத் தள்ளிவிட இரண்டு சதவீதம் விலை குறைத்தால் 10,000. வருமான வரியில் இருபது சதவீதப் படியில் இருப்பவருக்கு அந்த 60,000க்கு வரி 12,000. மொத்தம் 44,500. ஆக, இலவசம் என்று வந்தது 15,500 ரூபாய்தான். இதில் எலி கடித்தது, தேதி முடிந்தது, கடனில் போய்த் திரும்பாதது எதையும் நாம் சேர்க்கவில்லை.

வரி என்றதும் சிலர் புருவத்தை உயர்த்தலாம். வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவைச் சேர்த்து 2022 ஜூலை 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். தொழில் தொடர்பாக ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் சலுகை கொடுத்தால், அது பணமாக இல்லாமல் பயணமாக இருந்தாலும், கொடுப்பவர் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். டார்கெட் முடித்தவர்களை மட்டும் பொறுக்கி அழைத்துப்போய் அதற்கு 'டீலர் கான்பரன்ஸ்' என்று பெயர் வைத்தாலும் தப்பாது என்று நேரடி வரிகள் வாரியம் அப்போதே சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. கூட வரும் குடும்பத்தார் செலவும், கூட்டம் முடிந்து இரண்டு நாள் தங்கும் செலவும் சலுகைக் கணக்கில்தான் சேரும். நம் பான் எண்ணில் அது வருமானமாகப் பதிவாகிவிடும். ஆடிட்டரிடம் சொல்லாமல் விட்டவர்கள் பிறகு நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டியிருக்கும்.

அதே சுற்றறிக்கையில் நமக்குச் சாதகமான வரி ஒன்றும் இருக்கிறது. பில்லில் தரும் தள்ளுபடிக்கும் ரொக்கத் தள்ளுபடிக்கும் இந்தப் பிரிவின்கீழ் வரிப் பிடித்தம் வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். தள்ளுபடியும் முடிவில் லாபத்தில் சேர்ந்து வரிக்குள் வரும்தான், மறுக்கவில்லை. ஆனால் காசு முதலில் நம் கல்லாவுக்கு வரும். அதில் ஒரு பங்கைச் சில்லறைக் கடைக்காரருக்கும் கொடுக்கலாம். பாங்காக் டிக்கெட்டில் அவருக்கு எதைக் கிள்ளிக் கொடுப்பது? மொத்தக் கடையின் டார்கெட்டைச் சுமப்பவர் தெருக்கோடி மளிகைக்காரர். தேவையில்லாத நாலு பெட்டியை அவர் தலையில் கட்டினால்தான் மேலே ஒருவருக்கு விமானம் கிளம்புகிறது. செல்போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் பருப்பு வீட்டுக்கு வரும் காலத்தில் அந்தச் சிறிய கடையின் முதலை இப்படி முடக்கினால் நாளைக்கு மொத்த வியாபாரி யாருக்கு விற்பார்?

நம் கரைக்கென்று இன்னொரு ஆபத்தும் உண்டு. தீபாவளிக் காலாண்டு ஸ்கீம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓடும். இங்கே புயல் வருவதும் அப்போதுதான். 2011 டிசம்பர் 30இல் தானே, 2022 டிசம்பரில் மாண்டஸ், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல். ஃபெஞ்சலில் உப்பளங்கள் ஏரியாகிவிட்டதை எல்லோரும் பார்த்தோம். அந்த வாரம் நம் குடோனிலும் தண்ணீர் ஏறி, ஸ்கீமுக்காக வந்திறங்கிய சோப்புத்தூளும் பிஸ்கட்டும் அடி அடுக்கோடு ஊறிவிட்டன. கம்பெனிக்கு எழுதினோம். ஸ்கீம் சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. பெயர் வேண்டாம். எல்லா இடத்திலும் இதே பதில்தான் வரும் என்று கேள்வி. பேக்டரி சென்னைக்கு அப்பால் இருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் மரக்காணத்துக் குடோனை நிரப்பி வைப்பதன் பொருள் எப்படித் தெரியும்?

பயணமே எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மார்ச்சில் ஸ்கீம் முடித்து ஜூன், ஜூலையில் அழைத்துப்போவார்கள். அப்போது ஓட்டலில் அறை மலிவு. ஏனென்றால் தாய்லாந்தின் புக்கெட் கரையில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். கடல் கொந்தளித்து, பல நாள் சிவப்புக் கொடி கட்டி யாரும் இறங்கக் கூடாது என்பார்கள். காலையில் மூன்று மணி நேரம் சொற்பொழிவு, மாலையில் பஸ்ஸில் கடைவீதி. கடலை ஜன்னலில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இன்னொன்று. டிக்கெட்டில் ஏறுவது லைசென்ஸில் பெயர் உள்ளவர். அவர் இல்லாத நாலு நாளும் கல்லாவில் உட்கார்ந்து, லைன் பையன்களிடம் வசூல் வாங்கி, லாரிக்கு ஆள் பிடிப்பது வீட்டுக்காரம்மா. முப்பது வருடம் அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே நின்றவரை விட்டுவிட்டு முதலாளி மட்டும் போய்ச் சாக்லேட் பொட்டலத்தோடு வருவதற்கு விடுமுறை என்று பெயரா?

சொந்தக் காசில் போவது முடியாத காரியமல்ல. மாதம் 5,000 ரூபாய் சீட்டுக் கட்டுபவர் வருடத்தில் 60,000 சேர்க்கிறார். தைப் பொங்கல் வியாபாரம் முடிந்த பிறகு மாசி வரை மளிகையில் கொஞ்சம் மந்தம். உப்பு வியாபாரிக்கும் பாத்தி திருத்தி முதல் வாரல் வரும் வரை மூச்சுவிட நேரம் இருக்கும். நல்லவேளையாக அதுதான் கடலும் அமைதியாக இருக்கும் காலம். ஜனவரி, பிப்ரவரியில் இலங்கையின் தென்மேற்குக் கரையான பெந்தோட்டை, ஹிக்கடுவை, மலேசியாவின் லங்காவி, புக்கெட் எல்லாம் நன்றாக இருக்கும். பள்ளி விடுமுறையில்தான் முடியும் என்பவர்கள் இலங்கையின் கிழக்குக் கரைக்கு, திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்குப் போகலாம். இலங்கையில் 2024 பிப்ரவரி முதல் நம் யுபிஐயிலேயே பணம் கட்ட வசதி வந்தது. தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா அதே வருடம் டிசம்பரிலும் இந்தியருக்கு விசா தேவையில்லை என்பதை அமலுக்குக் கொண்டுவந்தன. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் எடுக்கும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விமானம் பிடிக்காதவர்களுக்கு நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்ட் 16இல் மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் நாலு மணி நேரப் பயணம். நம் பெரியவர்கள் எழும்பூரில் போட்மெயில் ஏறி தனுஷ்கோடியில் கப்பல் மாறிக் கொழும்புக்குச் சரக்குப் பேசப் போனவர்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. காங்கேசன்துறையில் இறங்கினால் காரைநகர் கசூரினா கடற்கரை பக்கம்தான், தமிழிலேயே பேசி வரலாம். பருவமழையில் கப்பலை நிறுத்திவிடுவார்கள், அதையும் கேட்டுக்கொள்க.

சங்கத்துக்கு நம் வேண்டுகோள் இரண்டு. பயணத்துக்குப் பதிலாக அதே மதிப்பைப் பில்லில் தள்ளுபடியாகக் கேட்டு எல்லாக் கம்பெனிகளுக்கும் சங்கத்தின் பெயரில் கடிதம் போக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர ஊர்களில் இறக்கும் ஸ்கீம் சரக்கில் மழையில் சேதமாவதைத் திரும்ப எடுக்க எழுத்தில் ஒப்புக்கொள்ளாத கம்பெனியின் ஸ்கீமில் யாரும் சேரக் கூடாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் வர வேண்டும். தனியாக ஒருவர் கேட்டால் பக்கத்துத் தெருக்காரருக்கு ஏஜென்சி மாறிவிடும்.

அதற்குள் காலாவதியான பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைப்பது நல்லது. பல நாடுகள் ஆறு மாதத் தவணை மீதி இருக்க வேண்டும் என்கின்றன. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். விண்ணப்பம் போடும்போது வீட்டுக்காரம்மாவுக்கும் சேர்த்து இரண்டாகப் போடுங்கள்.