குடத்திலிட்ட விளக்கா?

இது விஞ்ஞான யுகம். கம்பியில்லா இணையம் இன்று நம் திண்டுக்கல் வீடுகளிலும் குடியேறிவிட்டது. ஆயினும் பல வீடுகளில் அது முன்கூடத்தைத் தாண்டுவதில்லை. அங்கே தடையின்றி ஓடும் பாடம், உள்ளறையில் பாதியில் நின்று சுழல்கிறது. இது பெரும்பாலும் கருவியின் குற்றமன்று; அதை வைக்கும் இடத்தின் குற்றமே என்பது எங்கள் கருத்து.

சுவரைக் கடப்பது இவ்வகை அலைகளுக்குப் புதிதல்ல. 1895-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், சுவருக்கு அப்பால் அலைகளை அனுப்பி மணியை ஒலிக்கச் செய்தார். ஆனால் ஒவ்வொரு சுவரும் வரி வாங்கிக்கொண்டுதான் வழிவிடுகிறது. செங்கல் சுவர் சிறிது வாங்கும். கம்பி கட்டிய கான்கிரீட் மிகுதியாக வாங்கும். இரும்போ வந்த அலையைத் திருப்பியே அனுப்பிவிடும். பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர்போன நம் ஊரில் இரும்பு பீரோ இல்லாத வீடு ஏது? அதன் பின்னால் வைஃபை பெட்டியை வைத்தால், அலைகளை நாமே பூட்டி வைத்தவர்களாவோம்.

பரிகாரம் எளிது. பெட்டியை வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், மறைப்பின்றி வைக்க வேண்டும். அது இரு அலைவரிசை உடையதானால், 5 கிகாஹெர்ட்ஸ் அருகில் வேகம் தரும், 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டுவதில் வல்லது. உள்ளறைக்குப் பின்னதே ஏற்றது. கனத்த சுவருள்ள பழைய வீடுகளில், கேபிளை உள்ளே இழுத்து இரண்டாவது பெட்டி பொருத்துவதே நம்பகமான வழி. ரிப்பீட்டர் வாங்குவோர் அதை அலையே எட்டாத மூலையில் வைத்துப் பயனில்லை. பாதி வழியில் வைக்க வேண்டும். கிணற்றில் இல்லாத தண்ணீரை எந்த மோட்டாரும் இறைக்காது!

இதில் என்ன பெரிய காரியம் என்று கேட்கலாம். முன்கூடம் விருந்தினருக்கும் தொலைக்காட்சிக்கும் உரியது. பெண் பிள்ளைகளாகிய நாங்கள் பெரும்பாலும் படிப்பது உள்ளறையில், அடுக்களைக்கு அடுத்த சுவரோரம். 2020-ஆம் ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்க வாசற்படிக்கும் மொட்டைமாடிக்கும் அலைந்த பிள்ளைகள் எத்தனை பேர்! வீட்டுக்குள் வந்தும் உள்ளறைக்கு எட்டாத இணையம் குடத்திலிட்ட விளக்கல்லவா?

உள்ளறையில் இணையம் வந்தால் பிள்ளைகள் வழிதவறுவர் எனச் சில பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் காவலுக்குச் சுவரை நம்பலாமா? கைப்பேசிக்கு நேரம் வகுங்கள்; கதவைத் திறந்து வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்; மனமுவந்து கீழ்ப்படிவோம். திறந்த கதவு அலைக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

அன்புப் பெற்றோரே! பெட்டியைப் பொருத்த வருபவர் "எங்கே வைக்கட்டும்?" என்று கேட்பார். தொலைக்காட்சி மேசையைக் காட்டுமுன், உங்கள் மகள் அமர்ந்து படிக்கும் இடம் எதுவென்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு